துறைமுகத்தில் பேராசிரியருக்கு என்ன வேலை?

கரையில் கட்டியிருக்கும் சரக்குக் கப்பலைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று உறுத்தியிருக்கும். கப்பல் அசையவில்லை, கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே எங்கோ எஞ்சின் உறுமுகிறது. நிற்கிற கப்பலுக்கு எஞ்சின் எதற்கு?

கப்பலை ஓட்டும் பெரிய எஞ்சினை அணைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஓடிக்கொண்டிருப்பவை துணை எஞ்சின்கள். உள்ளே விளக்கு எரிய வேண்டும், பம்பு ஓட வேண்டும், மாலுமிகளுக்குச் சமையல் நடக்க வேண்டும். மேல்தளத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்கள் இருந்தால் அவற்றிலுள்ள பழமும் மீனும் கெடாமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் மின்சாரம் அந்தத் துணை எஞ்சின்கள் தருவதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டி நிற்கும் கன்டெய்னர் கப்பல் ஒன்று 2 மெகாவாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலுக்குக் கப்பல் இது மாறும். பெரிய உல்லாசப் பயணக் கப்பல் என்றால் 10 மெகாவாட்டைக்கூடத் தொடும். 2 மெகாவாட் என்றால் ஒரு நாளைக்கு 48,000 யூனிட். துணை எஞ்சின் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறக்குறைய 210 கிராம் எண்ணெய் குடிக்கும். ஆக, நாளொன்றுக்கு 10 டன் எண்ணெய். கப்பல் டீசல் ஒரு டன் எரிந்தால் சுமார் 3.2 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். (எண்ணெயின் எடையைவிடப் புகையின் எடை எப்படிக் கூடும் என்று கேட்பீர்கள். எண்ணெயிலுள்ள கார்பன், எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுகிற எடை அந்த ஆக்சிஜனுடையது.) மொத்தம் 32 டன். ஒரே கப்பல், ஒரே நாள், அதுவும் ஓர் அடிகூட நகராமல்.

இப்படிப்பட்ட உமிழ்வுகளைப் படிப்படியாக ஒழிப்பதைத்தான் துறைமுகத்தின் கார்பன் நீக்கம் என்கிறார்கள். இதைத் துறைமுக நிர்வாகம் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, பல்கலைக்கழகம் எங்கே வந்தது என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்த 32 டன் கப்பலையே இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போவோம்.

துணை எஞ்சினை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். இதற்குக் கரை மின்சாரம் என்று பெயர். புதிதல்ல. ஸ்வீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000ஆம் ஆண்டிலேயே சரக்குக் கப்பல்களுக்கு உயர் அழுத்தக் கரை மின்சாரம் கொடுத்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் 2004இல் கன்டெய்னர் கப்பலுக்குக் கொடுத்தது. ஆனால் நம் வீட்டில் ப்ளக் செருகுவதுபோல இது எளிதான வேலை இல்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை துடிப்பது. பெரும்பாலான கப்பல்களுக்கோ 60 ஹெர்ட்ஸ் வேண்டும். நடுவில் ஒரு பெரிய மாற்றி வைக்க வேண்டும். கேபிளில் ஓடுவது 6,600 அல்லது 11,000 வோல்ட். கை தவறினால் ஆளே இருக்க மாட்டார். எந்தக் கப்பலும் எந்தத் துறைமுகத்திலும் இணைத்துக்கொள்ளும்படியான பொதுத் தரநிலை 2012இல்தான் வந்தது.

சரி, இதெல்லாம் பொறியியல் சிக்கல். பணம் போட்டால் தீரும். பணத்தால் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மேலே போட்ட கணக்குப்படி, கப்பலின் துணை எஞ்சின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது. நிலக்கரியை மட்டும் எரித்து வரும் மின்சாரமோ யூனிட்டுக்கு 0.9 கிலோவுக்கு மேல் வெளியிடும். ஆக, நிலக்கரியை நம்பியிருக்கும் ஊரில் கரை மின்சாரம் கொடுத்தால் துறைமுகத்தில் புகை நிற்கும், பக்கத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் பூமிக்குப் போய்ச் சேரும் கார்பன் கூடிவிடும்! காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைந்த ஊரில் இதே கேபிள் கார்பனைப் பெருமளவு குறைக்கும். ஒரே கருவி, ஊருக்கு ஊர் எதிரெதிர் விடை. காலையில் ஒரு விடை, இரவில் வேறு விடைகூட வரலாம், மின்கட்டமைப்பில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து.

கேபிள் விற்கும் நிறுவனம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. துறைமுக நிர்வாகத்திடம் அதற்கான ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. அவர்களுக்கு அன்றைய கப்பலை அன்றே ஏற்றி இறக்கி அனுப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வருகிறார்கள்.

துறைமுகம் என்பது ஒரே முதலாளியின் கடை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலம் துறைமுக ஆணையத்துடையது. கப்பலைக் கட்டிச் சரக்கு ஏற்றி இறக்கும் முனையத்தை நடத்துவது வேறொரு நிறுவனம். கப்பல் மற்றொருவருடையது, அதை வாடகைக்கு எடுத்திருப்பவர் இன்னொருவர். வாசலில் வரிசையில் நிற்கும் டிரைலர்கள் பல பேருடையவை. ஆணையத்தின் சொந்த வண்டிகளும் கட்டடங்களும் வெளியிடும் கார்பன், மொத்தத்தில் சிறு பங்கு. பெரும்பங்கு கப்பல்களிலிருந்தும் லாரிகளிலிருந்தும் வருகிறது. எனவே ஒரு துறைமுகம் 'எங்கள் உமிழ்வைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்' என்று சொன்னால், 'எங்கள்' என்பதில் யார் யார் அடக்கம் என்று முதலில் கேட்க வேண்டும். அலுவலக மாடியில் சூரியத் தகடு போட்டும் இப்படிச் சொல்லிவிடலாம். அடுத்து, எதைக்கொண்டு வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உமிழ்வு இறங்கியதுபோலத் தெரியும். அதே ஆண்டில் சரக்கு இரட்டிப்பாகியிருந்தால் மொத்தம் ஏறியிருக்கும்.

இவ்வளவு பேருடைய எண்ணெய்க் கணக்கையும் ஒரே இடத்தில் கொண்டுவர, யாருக்கும் போட்டியாக இல்லாத ஒருவர் வேண்டும். முனைய நிறுவனம் தன் எதிரி முனையத்திடம் புள்ளிவிவரத்தைத் தராது. பல்கலைக்கழகத்திடம், ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, தரும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஓர் இழுவைப் படகு. பெரிய கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் குட்டிப் படகை டக் என்பார்கள். உருவம் சிறியது, எஞ்சின் ராட்சதன். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2009இல் 'கரோலின் டோரதி' என்ற ஹைபிரிட் டக் ஓடத் தொடங்கியது. கட்டியது ஃபாஸ் மாரிடைம் நிறுவனம். டீசல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. புதுப் பொருள் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? விற்றவர் ஒரு சதவீதம் சொல்வார், வாங்கியவர் அதையே அறிக்கையில் போடுவார், அதோடு கதை முடியும். இங்கே அப்படி நடக்கவில்லை. ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளப்பதற்கு வந்தார்கள்.

அவர்கள் அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஹைபிரிட்டை மட்டும் அளக்கவில்லை. அதே வகையில் கட்டிய, ஆனால் வழக்கமான எஞ்சின் உள்ள 'ஆல்டா ஜூன்' என்ற டக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படகும் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது, எவ்வளவு நேரம் காலியாக ஓடுகிறது, எவ்வளவு நேரம் உண்மையிலேயே கப்பலைத் தள்ளுகிறது என்று தொடர்ந்து பதிவு செய்தார்கள். எஞ்சின் புகையை ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக அளந்தார்கள். கடைசியில் ஹைபிரிட்டில் நுண்துகள் 73 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடுகள் 51 சதவீதமும், கார்பன் டை ஆக்சைடு 27 சதவீதமும் குறைந்திருந்தன.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல செய்தி, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: குறைந்தது எதனால்? எல்லோரும் பேட்டரி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஹைபிரிட் என்றாலே பேட்டரிதானே. விடை வேறாக இருந்தது. பெரும்பகுதி மிச்சம் வந்தது, டீசலையும் மின் மோட்டாரையும் இணைத்த இயக்க அமைப்பிலிருந்து. டக் தன் பொழுதில் பெரும்பகுதியை முழு பலம் தேவைப்படாத வேலைகளில் கழிக்கிறது: காத்திருப்பது, மெதுவாக ஓடுவது. அந்த நேரத்தில் ராட்சத எஞ்சினை எழுப்பாமல், சின்ன எஞ்சின் தரும் மின்சாரத்திலேயே நகர்ந்ததால் வந்த மிச்சம் அது. பேட்டரியின் பங்கு அதற்குப் பின்னால்தான்.

அடுத்த படகு வாங்கப் போகிறவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பணம் மிச்சம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். '27 சதவீதம் குறைந்தது' என்பது விளம்பரத்துக்குப் போதும். 'இதனால் குறைந்தது, அதனால் அல்ல' என்பது தெரிந்தால்தான் அடுத்ததைச் சரியாக வாங்க முடியும். துறைமுகங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. கருவியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்வதைவிட, வாங்கிய கருவி என்ன செய்கிறது என்று நேர்மையாகச் சொல்லச் சொல்வது.

இதில் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. புது வண்டி வந்து இறங்கிய பிறகு பேராசிரியரைக் கூப்பிடுவார்கள். பழைய வண்டி ஏற்கெனவே காயலான் கடைக்குப் போயிருக்கும். எதோடு ஒப்பிட்டு அளப்பது? டக் ஆய்வில் ஒப்பிட ஒரு படகு கைவசம் இருந்ததால்தான் அந்த விடை கிடைத்தது. கருவி வாங்குவதற்கு முன்பே, சில மாதங்களாவது, பழைய நிலையை அளந்து எழுதி வைத்துவிட வேண்டும். இது சலிப்பான வேலை. ரிப்பன் வெட்டும் விழாவுக்கு உதவாது.

அளப்பது தவிர இன்னொன்றும் பல்கலைக்கழகத்துக்குக் கைவந்தது: நிஜத்தில் செய்து பார்க்க முடியாததைக் கணினியில் செய்து பார்ப்பது. கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கும் கரைக் கிரேன்களை எடுத்துக்கொள்வோம். 40 டன் எடையை மேலே தூக்கத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் கிரேன் மின்சாரத்தை உறிஞ்சும். இறக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆறு கிரேன்கள் தற்செயலாக ஒரே விநாடியில் தூக்கத் தொடங்கினால், மின் தேவை ஊசிபோல ஒரு உச்சத்துக்குப் போய்விடும். பல இடங்களில் மின் கட்டணம், மொத்த யூனிட்டோடு இந்த உச்சத்தையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். மின்மாற்றியும் கேபிளும்கூட உச்சத்துக்கு ஏற்ற அளவில்தான் வாங்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் 2018இல் இதை ஒரு கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். கிரேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தூக்காமல், ஒன்று தூக்கும்போது மற்றொன்று சில விநாடிகள் பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும்? சரக்குக் கையாளும் நேரம் அதிகம் நீளாமலே உச்சத் தேவையைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்று தெரிந்தது. புதுக் கருவி ஒன்றும் வாங்காமல், வரிசைப்படுத்துவதிலேயே கிடைக்கும் மிச்சம் இது. நிஜ முனையத்தில் போய், 'இன்று உங்கள் கிரேன்களைக் கொஞ்சம் காக்க வைத்துப் பார்க்கிறோம்' என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கணினியில் ஆயிரம் முறை காக்க வைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

கப்பல் வருகிற நேரத்தைக் கணிப்பதும் இதே ரகம். வேகமாக வந்து, பெர்த் (கரையில் கப்பல் கட்டும் இடம்) காலியில்லாமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும் கப்பல்கள் ஏராளம். கப்பல் எஞ்சினுக்குத் தேவையான திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். வேகத்தைப் 10 சதவீதம் குறைத்தால் திறன் 27 சதவீதம் இறங்கும். பயண நேரம் நீள்வதையும் கழித்துவிட்டுப் பார்த்தால்கூட எண்ணெயில் 19 சதவீதம் மிச்சம். பெர்த் எப்போது காலியாகும் என்று ஒரு நாள் முன்னதாக நம்பகமாகச் சொல்ல முடிந்தால் போதும், கப்பல் மெதுவாகவே வரும்.

இந்தக் கூட்டு எப்படி அமைகிறது என்பதற்கு ஒரே அச்சு கிடையாது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் துறைமுக ஆணையம், நகராட்சி, தொழில் நிறுவனங்களின் சங்கம், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எராஸ்மஸ் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து 'ஸ்மார்ட்போர்ட்' என்ற பொது மேடையை அமைத்தார்கள். துறைமுகத்துக்கு என்ன தெரிய வேண்டுமோ அது ஆய்வுத் தலைப்பாகிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் துறைமுகமும் சுற்றியுள்ள தொழில்களும் தங்களுக்கென்றே ஓர் ஆய்வு அறக்கட்டளை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய நிதியோடு 2019இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கன்டெய்னரை நீட்டித் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியையும் ஒரு முனைய டிராக்டரையும் ஹைட்ரஜனில் ஓடும்படி செய்து, நிஜமாகவே சரக்கு நகரும் முனையங்களில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். உப்புக்காற்றும் குலுக்கலும் பல ஷிஃப்ட் வேலையும் ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று சொல்ல ஒன்று முதல் ஒன்பது வரை படிகள் வகுத்தது; இன்று எல்லாத் துறையினரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றாம் படி, வெறும் கருத்து. ஒன்பதாம் படி, களத்தில் ஓடி நிரூபித்தது. பல்கலைக்கழகம் மூன்று நான்கு வரை சுலபமாக ஏறிவிடும். தொழில் நிறுவனம் எட்டு ஒன்பதுக்குக் குறைந்து எதையும் வாங்காது. இடையில் உள்ள படிகளில் பல நல்ல யோசனைகள் வழுக்கி விழுகின்றன. நிஜத் துறைமுகம் தன் முற்றத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால் அந்தப் படிகளைக் கடக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது; நடைமுறையில் சண்டை எங்கே வரும்? முதலில் காலண்டரில். முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். துறைமுகத்தின் பட்ஜெட் ஓர் ஆண்டுக்கு. கூப்பிட்ட மேலாளர் இரண்டாம் ஆண்டில் மாறுதலாகிப் போய்விடுவார். புதிதாக வந்தவருக்கு, மூலையில் உட்கார்ந்து மீட்டர் படிக்கும் இந்தப் பிள்ளை யார் என்றே தெரியாது. அனுபவமுள்ளவர்கள் பெரிய ஆய்வை ஆறு மாதத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் துறைமுகத்துக்கு உடனே பயன்படும் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் தரவு. கிரேன் தயாரித்தவர் அதன் உள் கணினியைப் பூட்டியே வைத்திருப்பார். கிரேன் உங்களுடையது, அது என்ன செய்தது என்ற பதிவு அவருடையது. வாங்கும்போதே ஒப்பந்தத்தில் தரவையும் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் பிறகு கெஞ்ச வேண்டியதுதான். கடைசியாக, வெளியீடு. பேராசிரியருக்குக் கட்டுரை வெளிவர வேண்டும், நிறுவனத்துக்கு ரகசியம் வெளிவரக் கூடாது. வழக்கமான சமரசம்: அச்சுக்குப் போகும் முன் நிறுவனம் சில வாரங்கள் பார்த்து, வணிக ரகசியங்களை மட்டும் நீக்கச் சொல்லலாம். முடிவையே வெளியிட விடாமல் தடுக்கும் உரிமையும் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதே மேல். பிடிக்காத விடையை மறைக்க முடியும் என்றால் பிடித்த விடையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவசரம் கூடிவிட்டது என்பது மட்டும் நிச்சயம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2050 வாக்கில் கப்பல் போக்குவரத்தின் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கும் இலக்கை 2023இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கியத் துறைமுகங்களில் 2030 முதல் கன்டெய்னர் கப்பலும் பயணிகள் கப்பலும் கரை மின்சாரத்தில் இணைய வேண்டும். அடுத்த எரிபொருள் மெத்தனாலா, அம்மோனியாவா, ஹைட்ரஜனா என்பதும் இன்னும் தீரவில்லை. அம்மோனியா எரிந்தால் கார்பன் வராது, கசிந்தால் நச்சு. எத்தனை மீட்டர் தள்ளி ஆட்கள் நிற்க வேண்டும் என்பதைக்கூட ஆய்ந்துதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டில் எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத வரவு ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகள் கிரேன் மீட்டர்களோடு மல்லாடிய அந்த ஆய்வு மாணவருக்கு, அந்த முற்றத்தில் எந்த வண்டி எப்போது வீணாக எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் என்பது அத்துபடியாகிவிடும். பட்டம் வாங்கியதும் துறைமுகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பேராசிரியர், நல்ல ஆள் போய்விட்டாரே என்று கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, அடுத்த மாணவரைப் பாதுகாப்புத் தொப்பி மாட்டி அதே வாசலுக்கு அனுப்புவார்.